உளவு நாவலும் நமது ரசீதுப் புத்தகமும்

(தஞ்சை மாவட்டத்தில் நடைபெற்ற இளைஞர் – வணிகர் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நெல் விலையைப் பற்றிப் பேச வந்தவர்கள் இங்கே பாதிப் பேர். இடஒதுக்கீடு, வேலைவாய்ப்பு என்று கேட்க வந்த இளைஞர்கள் மீதிப் பேர். இவர்களுக்கு நடுவே நின்றுகொண்டு ஒரு கதைப் புத்தகத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றால், "இவருக்கு வேறு வேலை இல்லையா?" என்று உங்களுக்குத் தோன்றும். தோன்றட்டும். கடைசி வரை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

பாபநாசம் பக்கத்தில் ஒரு நெல் கமிஷன் மண்டி. இஷா தொழுகை முடிந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்து பேசுவது அங்கே நெடுநாளைய பழக்கம். துபாயில் எட்டு வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய தம்பி ஒருவர், என்ஜினீயரிங் படித்தவர், ஒரு நாள் அங்கே வந்து சொன்னார்: "ஒரு இங்கிலீஷ் கதை படிச்சேன் மாமு. தீவிரவாதி, உளவாளின்னு போவுது. ஆனா நம்மளைத் திட்டி எழுதலை. ரெண்டு நாளா எனக்குத் தூக்கம் வரலை."

"சொல்லு தம்பி, கேப்போம்" என்றார் மண்டிக்காரர்.

ஆறு இரவுகள் கதை ஓடியது. முதல் நாள் நாலு பேர். ஆறாம் நாள் பதின்மூன்று பேர். நம் பாட்டனார் காலத்தில் சீறாப்புராணமும் கிஸ்ஸாக்களும் இப்படித்தானே படிக்கப்பட்டன! ஒருவர் படிப்பார், ஊர் கேட்கும், நடுவில் நிறுத்திக் கேள்வி போடும். அந்த மண்டியில் விழுந்த கேள்விகளைத்தான் உங்கள் முன் கொண்டு வந்திருக்கிறேன்.

நாவலின் பெயர் 'எ மோஸ்ட் வான்டட் மேன்'. தேடப்படும் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2008-ல் வந்தது. எழுதியவர் ஜான் லெ கார்ரே. இது புனைபெயர், சொந்தப் பெயர் டேவிட் கார்ன்வெல். 1931-ல் பிறந்து 2020-ல் மறைந்த ஆங்கிலேயர். பிரிட்டனின் உள்நாட்டு உளவுத் துறை, வெளிநாட்டு உளவுத் துறை இரண்டிலும் வேலை பார்த்தவர். 1960-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் பான், ஹாம்பர்க் நகரங்களில் தூதரக அதிகாரி என்ற பெயரில் இருந்தவர். ஆகவே உளவு என்றால் என்னவென்று உள்ளே இருந்து பார்த்தவர். அவர் கதைகளில் துப்பாக்கிச் சத்தம் குறைவு. ஒரு மனிதன் இன்னொரு மனிதனை எப்படி நம்ப வைத்துக் கழுத்தை அறுக்கிறான் என்பதுதான் அதிகம்.

இவர் நமக்கு வக்காலத்து வாங்க வந்தவர் அல்லர். ஆனால் 2003 ஜனவரியில், இராக் மீது படையெடுப்பதற்கு முன்பே, அமெரிக்காவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் எழுதியவர். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1997-ல் இவருக்கும் சல்மான் ருஷ்டிக்கும் கார்டியன் பத்திரிகையில் பெரிய கடிதச் சண்டை. மாபெரும் மதங்களை இழிவுபடுத்திவிட்டு ஒன்றும் நடக்காது என்று யாரும் இருந்துவிட முடியாது என்ற கருத்தை லெ கார்ரே துணிந்து வைத்தார். எழுத்தாளர் கூட்டத்தில் பாதிப் பேர் அவர் மேல் பாய்ந்தார்கள். 2012-ல் இருவரும் சமாதானமாகிவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். பாதியைச் சொல்லி மீதியை மறைப்பது நமக்கு அழகல்ல.

இனி கதை. ஹாம்பர்க் நகரம். 2001 செப்டம்பர் 11 விமானத் தாக்குதலில் விமானம் ஓட்டிய நால்வரில் மூவர் அந்த நகரத்தில் குடியிருந்தவர்கள். அன்றிலிருந்து அந்த ஊர் உளவுத் துறைக்குத் தீராத பழி. தாடியைக் கண்டாலும் சந்தேகம், தொப்பியைக் கண்டாலும் சந்தேகம். அங்கே நீளக் கறுப்புக் கோட்டுடன், எலும்பும் தோலுமாக ஓர் இளைஞன் திருட்டுத்தனமாக வந்து சேர்கிறான். பெயர் இஸ்ஸா. தாய் செச்சினிய முஸ்லிம். தகப்பன் அவளைக் கெடுத்த ரஷ்ய ராணுவக் கர்னல். பையனின் உடம்பெல்லாம் சிறைச் சித்திரவதைத் தழும்பு. துருக்கியிலிருந்து வந்து குடியேறிய ஒரு விதவைத் தாயும், குத்துச்சண்டை வீரனான அவள் மகனும் அவனுக்கு வீட்டில் இடம் கொடுக்கிறார்கள்.

தகப்பன் கொள்ளையடித்த பணம் அந்த ஊரில் ஒரு தனியார் வங்கியில் கிடக்கிறது. கோடிக்கணக்கான பணம். பையனுக்குத்தான் உரிமை. ஆனால் அவன் அதைத் தொட மறுக்கிறான்! ஹராமான பணம், என் தாயின் மக்களிடம் கொள்ளையடித்தது என்கிறான். அவனுக்கு வேண்டியது டாக்டர் படிப்பு. கடைசியில் அந்தப் பணம் முழுவதையும் தர்மம் செய்துவிடலாம் என்ற முடிவுக்கு அவனைக் கொண்டு வருகிறார்கள். யார் மூலம் தர்மம் செய்வது? அங்கேதான் டாக்டர் அப்துல்லாஹ் வருகிறார். மார்க்க அறிஞர். சாந்தமானவர். தொலைக்காட்சியில் பேசுகிறவர், எல்லாச் சமயத்தாரும் மதிக்கிறவர். உலகெங்கும் முஸ்லிம் அறநிலையங்களுக்கு நிதி திரட்டிக் கொடுப்பவர். அநாதை இல்லம், மருத்துவமனை, பள்ளிக்கூடம் என்று நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து ரூபாய் சேர வேண்டிய இடத்துக்குத்தான் சேர்கிறது. மீதி ஐந்து ரூபாய், சைப்ரஸில் இருக்கும் ஒரு கப்பல் கம்பெனி வழியாக ஆயுதம் தாங்கியவர்கள் கைக்குப் போவதாக உளவுத் துறை கணக்குப் போட்டு வைத்திருக்கிறது.

பாக்மன் என்ற ஜெர்மன் உளவதிகாரி அவரைப் பிடித்து உள்ளே போட விரும்பவில்லை. அந்த ஐந்து ரூபாயைக் காட்டி மடக்கி, தம் பக்கம் இழுத்து, அவர் வழியே மேலே உள்ளவர்களைப் பிடிக்கலாம் என்பது அவர் திட்டம். இஸ்ஸாவுக்காக வாதாடும் இளம் பெண் வக்கீலுக்கும் வாக்குக் கொடுக்கிறார்கள்: பையனுக்கு இந்த நாட்டில் தங்க அனுமதி கிடைக்கும், கவலைப்படாதே என்று. பையனும் அறிஞரும் வங்கியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வருகிறார்கள். தெருவிலேயே அமெரிக்க உளவுத் துறை ஆட்கள் வண்டியால் மோதி இருவரையும் அள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள். எங்கே? தெரியாது. புத்தகம் அதோடு முடிந்துவிட்டது.

மண்டியில் கால் மணி நேரம் யாரும் பேசவில்லை.

பிறகு பேசினார்கள் பாருங்கள்!

ஒரு கல்லூரித் தம்பி துள்ளிக் குதித்தார். இது நம் கதை, இதைத் தமிழில் போட்டு மஹல்லாவுக்கு நூறு பிரதி கொடுக்க வேண்டும், எழுதியவர் வெள்ளைக்காரர், அதனால் நம்மை ஒருதலைப்பட்சம் என்று யாரும் சொல்ல முடியாது என்றார். உடனே இன்னொருவர், அதிராம்பட்டினத்துக்காரர், "காக்கா ஒண்ணு கேக்குறேன்" என்று ஆரம்பித்தார். "நம்மாளு கதையில வந்தா ஒண்ணு குண்டு வைக்கிறான், இல்லாட்டி அடி வாங்குறான். கடை வச்சு, வட்டி இல்லாம வியாபாரம் பண்ணி, பொண்ணுக்கு நிக்காஹ் முடிச்சு, நிம்மதியா இருக்குறவன் ஒருத்தன் கதையில வர மாட்டானா? இஸ்ஸா பையனைப் பாரு, பாதிப் பைத்தியம் மாதிரி இருக்கான். எழுதுனவருக்கு நம்ம மேல பரிதாபம் இருக்கு. மரியாதை இருக்கா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அந்தத் துருக்கித் தாயும் மகனும் சாதாரண மனிதர்கள்தான். ஆனால் கதை பாதிக்கு மேல் அவர்களை மறந்துவிடுகிறது. அதிராம்பட்டினத்துக் காக்கா சொன்னதில் பெருமளவு நியாயம் இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வேறு மாதிரிப் பார்த்தார். கடைசிப் பகுதியில் பாத்திரங்கள் பேசவில்லை, ஆசிரியர் பேசுகிறார் என்றார். கிழவருக்கு அமெரிக்கா மேல் இருக்கும் கோபம் கதையை இழுத்துக்கொண்டு போய்விட்டது என்றார். அறுபது வயது வங்கிக்காரர் அந்த இளம் வக்கீல் பெண்ணைப் பார்த்து உருகுவதும் அவருக்குப் பிடிக்கவில்லை (அது எனக்கும் பிடிக்கவில்லை). மேலைநாட்டு வாசகர்களும் இப்படித்தான் இரண்டாகப் பிரிந்தார்கள். இவருடைய சிறந்த நூல்களில் ஒன்று என்றவர்கள் உண்டு. கதையை விட்டுவிட்டுப் பிரசங்கம் செய்கிறார், முடிவு திடீரென்று அறுந்துவிடுகிறது என்றவர்களும் உண்டு. 2014-ல் இது படமாகவும் வந்தது.

ஆனால் மண்டியில் சண்டை மூண்டது இதற்கெல்லாம் அல்ல. அந்த ஐந்து ரூபாய்க்கு!

ஐந்து ரூபாய் யாருடையது?

மண்டிக்காரர் முப்பது வருடமாக நெல் பார்ப்பவர். கையில் எடுத்துக் கசக்கினாலே ஈரப்பதம் 17-ஐத் தாண்டுமா தாண்டாதா என்று சொல்லிவிடுவார். அவர் கேட்டார்: "நூறு மூட்டை நெல்லுல அஞ்சு மூட்டை கருக்காய் இருந்தா, தூத்தி எடுப்பியா, லாரியோட கொளுத்துவியா? அந்த மனுஷன் எத்தனை அநாதைக்குச் சோறு போட்டிருக்காரு!"

எதிரே உட்கார்ந்திருந்த இரும்புக் கடைக்காரர் விடவில்லை. "கருக்காய் வயித்துக்குள்ள போனாலும் ஒண்ணும் ஆவாது பாய். இது வெடி. அது வெடிச்சா, செத்துப் போறவன் யாரு? அவனும் ஒரு புள்ளை பெத்தவன்தானே? நான் அநாதைக்குன்னு கொடுத்த காசை அவரு எப்படி வேற இடத்துக்கு அனுப்பலாம்? அவரு பெரிய ஆலிமா இருக்கட்டும். என் காசுக்கு எனக்கு அவரு துரோகம் பண்ணிட்டாரு."

சகோதரர்களே, இந்த இரண்டாவது பேச்சைக் கேட்டு நான் திடுக்கிட்டேன். ஏனென்றால் நாம் இத்தனை காலம் அப்படிக் கேட்டதே இல்லை. தீவிரவாதக் கதை என்று ஒன்று வந்தால் நம்மிடம் இருப்பது ஒரே தராசு: நமக்கு ஆதரவா, எதிர்ப்பா? ஆதரவு என்றால் பாராட்டு. எதிர்ப்பு என்றால் தடை.

2012 தீபாவளிக்கு 'துப்பாக்கி' படம் வந்தது. நம் சமுதாயம் கொதித்தது. படத் தயாரிப்பாளர்கள் இறங்கி வந்து காட்சிகளை நீக்கினார்கள். இரண்டு மாதம் கழித்து 'விஸ்வரூபம்'. 2013 ஜனவரி 25-ல் வெளிவர இருந்தது. மாவட்ட ஆட்சியர்கள் 144-வது பிரிவின் கீழ் இரண்டு வாரம் தடை போட்டார்கள். உயர்நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி படத்தைப் பார்த்துத் தடையை நீக்க, மறுநாளே டிவிஷன் பெஞ்ச் அதை நிறுத்தி வைத்தது. பிறகு பேச்சுவார்த்தை, சில காட்சிகளில் திருத்தம், பிப்ரவரி 7-ல் படம் வெளியீடு. நம் சமுதாயத் தலைவர்கள் அந்தப் படத்தை முன்கூட்டியே பார்த்துவிட்டுத்தான் பேசினார்கள். ஆனால் நான்? ஆட்சியரிடம் மனுக் கொடுக்கக் கூட்டத்தோடு போனவர்களில் நானும் ஒருவன். படம் பார்க்கவில்லை. அந்தப் படத்தின் கதாநாயகனும் ஒரு முஸ்லிம்தான், இந்திய உளவுத் துறையில் வேலை செய்யும் விஸாம் அஹமது காஷ்மீரி என்பவன் என்று, டி.வி.யில் போட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது! வேதம் ஓதுவதையும் கொலையையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினால் மனம் புண்படத்தான் செய்யும்; அந்த வேதனை பொய்யல்ல, இன்றும் அதை நான் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் ஒரு செய்தி வந்தால் தீர விசாரித்துக்கொள்ளுங்கள் என்று ஹுஜுராத் அத்தியாயத்தில் நமக்கு இடப்பட்ட கட்டளையை அன்று நான் நிறைவேற்றினேனா? இல்லை.

நாவல்தானே, நடக்காத கதைதானே என்று ஒருவர் சொன்னார். அதற்கு துபாய்த் தம்பி செல்போனைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினார்.

முராத் குர்னாஸ். ஜெர்மனியின் பிரெமென் நகரில் பிறந்து வளர்ந்த துருக்கி இளைஞர். 2001-ன் கடைசியில் பாகிஸ்தானில் பிடிக்கப்பட்டு, அமெரிக்கர்களிடம் கொடுக்கப்பட்டு, குவாண்டனாமோவில் அடைக்கப்பட்டார். 2002-லேயே ஜெர்மன் அதிகாரிகள் அங்கே போய் அவரை விசாரித்தார்கள். 2006 ஆகஸ்டில்தான் விடுதலை. கடைசி வரை எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படவில்லை.

டாக்டர் முஹம்மது ஹனீஃப். நம் பக்கத்து மாநிலமான கர்நாடகத்துக்காரர். ஆஸ்திரேலியாவில் மருத்துவர். பிரிட்டனில் இருந்து கிளம்பியபோது தன் செல்போன் சிம் கார்டை உறவுக்காரப் பையனிடம் விட்டுவிட்டு வந்தார். அவ்வளவுதான்! 2007 ஜூலையில் கைது. அந்த மாதக் கடைசியில் வழக்கு வாபஸ். பிறகு ஆஸ்திரேலிய அரசே அமைத்த விசாரணையில் அவர் நிரபராதி என்று வந்து, நஷ்ட ஈடும் கொடுத்தார்கள்.

கோவைக்கு வாருங்கள். 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பில் 58 உயிர்கள் போயின. அது மன்னிக்க முடியாத கொடுமை. அதைக் கண்டிக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வழக்கில் ஒன்பது வருடம் சிறையில் கிடந்த அப்துந் நாசர் மதானி 2007-ல் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். ஒன்பது வருடத்தை எந்தக் கோர்ட் திருப்பிக் கொடுக்கும்?

இப்போது அந்த ஐந்து ரூபாய்க்கு நேரான வழக்கு. அமெரிக்காவின் மிகப்பெரிய முஸ்லிம் அறநிறுவனமாக இருந்தது ஹோலி லேண்ட் ஃபவுண்டேஷன். பலஸ்தீன ஜகாத் கமிட்டிகளுக்குப் பணம் அனுப்பியது. 2001 டிசம்பரில் அதை மூடினார்கள். முதல் விசாரணையில் ஜூரிகளால் முடிவுக்கு வர முடியவில்லை. இரண்டாவது விசாரணையில், 2008 நவம்பரில், குற்றவாளிகள் என்று தீர்ப்பு. பொறுப்பாளர்கள் இருவருக்கு 65 வருடச் சிறை! அவர்கள் கொடுத்தது மருத்துவமனைக்கும் அநாதைகளுக்கும் என்றார்கள் அவர்கள் தரப்பில். அந்தக் கமிட்டிகள் ஹமாஸின் கட்டுப்பாட்டில் இருந்தன என்றது அரசு. நாவல் வந்ததும் அதே 2008. நம் நாட்டில் யு.ஏ.பி.ஏ. சட்டத்தைத் திருத்தி, குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை போலத் தோன்றினாலே ஜாமீன் கிடையாது என்று ஆக்கியதும் அதே 2008 டிசம்பர். அந்தச் சட்டத்தில் பயங்கரவாதச் செயலுக்கென்று நிதி திரட்டினால் குறைந்தது ஐந்து வருடம், அதிகபட்சம் ஆயுள்.

இதைக் கேட்டதும் மண்டிக்காரர் முகம் மாறியது. மெதுவாகச் சொன்னார்: "போன ரமலான்ல ஒருத்தரு வந்தாரு. வடக்கே எங்கேயோ மதரஸான்னு போட்டோ காமிச்சாரு. பத்தாயிரம் கொடுத்தேன். ரசீது கேக்கலை. பேரும் ஞாபகம் இல்லை."

"பள்ளியில சொல்லி அனுப்பிச்சாங்களா?"

"இல்லை. நேரா கடைக்கு வந்தாரு."

இரும்புக் கடைக்காரர் சிரித்தார். "அப்ப நீங்கதான் பாய் அப்துல்லாஹ்வை விட மேலே. அவருக்கு அஞ்சு பர்சென்ட் எங்கே போச்சுன்னாவது தெரியும். உங்களுக்கு நூறும் தெரியாது!"

மண்டிக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்றல்லவா நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள், தர்மத்துக்கு ரசீது கேட்கிற புத்தி எங்கிருந்து வந்தது என்று கேட்டார். நல்ல கேள்வி. உங்களில் பலர் மனதிலும் இதே கேள்வி இருக்கும். அந்தப் பொன்மொழி கொடுக்கிறவனின் பெருமையடிப்பைத் தடுக்க வந்தது. அடுத்தவர் பணத்தை வாங்கி வைத்திருப்பவனுக்குக் கணக்கு எழுதாமலிருக்க அது சலுகை அல்ல. திருக்குர்ஆனில் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது தெரியுமா? தொழுகையைப் பற்றியது அல்ல. நோன்பைப் பற்றியதும் அல்ல. பகரா அத்தியாயத்தில், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், சாட்சி வைத்துக்கொள்ளுங்கள் என்று விவரமாகச் சொல்லும் வசனம்! ஜகாத்துக்கு உரியவர்கள் எட்டு வகையினர் என்று தவ்பா அத்தியாயம் பெயர் சொல்லிப் பிரித்து வைத்திருக்கிறது. யாருக்குப் போகிறது என்று தெரியாமல் கொடுப்பதற்கு அங்கே இடம் எங்கே இருக்கிறது?

அவரை மடக்கிவிட்டேன் என்று பெருமையாகச் சொல்லவில்லை. ஏனென்றால் அடுத்து என் முறை வந்தது.

2018 நவம்பர் 16 கஜா புயல் உங்களுக்கு நினைவிருக்கும். பட்டுக்கோட்டை, பேராவூரணி, முத்துப்பேட்டை பக்கமெல்லாம் தென்னை மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. நாங்களும் அரிசி, தார்ப்பாய், குடிநீர் கொண்டு போனோம். சாதி மதம் பார்க்காமல் கொடுத்தோம், அல்ஹம்துலில்லாஹ். வசூல் பொறுப்பு என்னிடம். வசூலை நான் எதில் எழுதினேன் தெரியுமா? நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில்! மொத்தம் 2,31,000 ரூபாய். எல்லாம் முடிந்து கணக்குப் பார்த்தால் 11,400 ரூபாய்க்கு விவரம் இல்லை. யாரும் திருடவில்லை. ஜெனரேட்டருக்கு டீசல் போட்டதோ, வேன் வாடகையோ, யாரோ ஒரு விதவைத் தாய்க்கு அவசரத்தில் கையில் கொடுத்ததோ, எழுதி வைக்கவில்லை. கைக்காசைப் போட்டு நேர் செய்தேன். வெளியே சொல்லவில்லை. அன்று மண்டியில் துபாய்த் தம்பி செல்போனில் வகுத்துப் பார்த்துச் சொன்னார்: "4.9 வருது மாமு."

அதன் பிறகு இரும்புக் கடைக்காரர் என்னையும் சேர்த்தே சிரித்தார்.

இன்னொரு விவரத்தை வணிகப் பெருமக்கள் கவனமாகக் கேட்க வேண்டும். நம் டெல்டாவில் சபுராளி இல்லாத தெருவே இல்லை. துபாய், சவூதியில் இருக்கும் நம் பிள்ளை இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி மூலம் டிரஸ்டுக்கு அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ குடியுரிமை வாங்கிவிட்ட மச்சான் அனுப்பினால், அவர் இதே தெருவில் பிறந்தவராக இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லாத டிரஸ்ட் அதை வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும், 2020 திருத்தத்திற்குப் பிறகு, டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் திறந்த கணக்கில்தான் வாங்க முடியும். கஜா நேரத்தில் எனக்கு வந்ததில் யார் எந்தப் பாஸ்போர்ட் என்று நான் கேட்கவே இல்லை. உண்டியலில் வந்த பணத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். யார் கொடுத்தார், எந்த வழியில் வந்தது என்று காட்ட ஒரு துண்டுத் தாள்கூட இருக்காது. நாளை அதிகாரி வந்து மேஜை மேல் கை வைத்துக் கேட்டால், "நல்ல எண்ணத்தில் வாங்கினோம் சார்" என்பதைத் தவிர நம் கையில் என்ன இருக்கிறது? அதிகாரியின் கேள்வி அநீதியாகவே இருக்கட்டும். மூன்று கோவில் கமிட்டியைக் கேட்காமல் நம்மை மட்டும் கேட்கட்டும். அப்போதும் பதில் சொல்ல வேண்டியவன் நான்தானே?

இளைஞர்களே, உங்களுக்கும் ஒன்று. காஸாவில் குழந்தைகள் பசியால் துடிப்பதைப் பார்த்து நெஞ்சு பொறுக்காமல், வாட்ஸ்அப்பில் வந்த ஏதோ ஒரு எண்ணுக்கு ஜி-பே செய்கிறீர்கள். உங்கள் கண்ணீர் உண்மை. அந்த எண் யாருடையது? ஐந்நூறு ரூபாய்தானே என்று நினைக்காதீர்கள். ஹனீஃப் விட்டுவிட்டு வந்த சிம் கார்டின் விலை அதைவிடக் குறைவு.

இதைச் சொல்லும்போது ஒரு தம்பி குறுக்கிட்டார்: "அப்ப பயந்து கிடக்கச் சொல்றீங்களா? அந்த நாவல்ல அவங்க கணக்கு சரியா வச்சிருந்தாலும் தூக்கிட்டுத்தானே போயிருப்பாங்க? இஸ்ஸா என்ன தப்பு பண்ணான்? பணமே வேணாம்னுதானே சொன்னான்!"

உண்மை. இஸ்ஸா ஒரு காசு தொடவில்லை. அவனையும் தூக்கிக்கொண்டு போனார்கள். கணக்கு நோட்டு எல்லா அநீதியையும் தடுத்துவிடும் என்று நான் உங்களிடம் பொய் சொல்லத் தயாரில்லை. ஆனால் இஸ்ஸாவுக்காக வாதாட அந்தப் பெண் வக்கீலால் முடிந்தது. வாசகர்கள் எல்லாரும் அவன் பக்கம் நின்றோம். அப்துல்லாஹ்வுக்காக வாதாட அந்த மண்டியில் பதின்மூன்று பேரில் பாதிப் பேர்கூட முன்வரவில்லை, சகோதரர்களே! அவரை வேட்டையாடியவர்கள் தரப்பிலும் அநியாயம் இருந்தது என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் வாய் திறக்க முடியவில்லை. அந்த ஐந்து ரூபாய் தொண்டையில் நின்றது.

கதை கேட்ட அடுத்த வாரம் மண்டிக்காரர் கும்பகோணம் போய், கார்பன் வைத்து எழுதும் ரசீதுப் புத்தகம் பத்து அச்சடித்து வந்துவிட்டார். ஒன்றை என்னிடம் நீட்டி, "இனிமே காலண்டர்ல எழுதாதீங்க" என்றார். பள்ளிவாசல் ஜமாஅத்திலும் பேசியிருக்கிறார். வெளியூரிலிருந்து வசூலுக்கு வருகிறவர்கள் முதலில் முத்தவல்லியிடம் சான்றுக் கடிதம் காட்ட வேண்டும், பிறகுதான் கடைத்தெரு. சில பேர் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

அடுத்து என்ன புத்தகம் என்று கேட்கிறார்கள். அதிராம்பட்டினத்துக் காக்கா கேட்ட கேள்வி என்னை விடவில்லை. நம்மவர்கள் எழுதிய கதையில் நம்மவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கலாமே! இலங்கையில் சித்தி லெப்பை 1885-ல் எழுதிய 'அசன்பே சரித்திரம்' இருக்கிறது. சிறுவயதில் கடத்தப்பட்ட பையனின் கதை, அதிலும் திருப்பங்களுக்குக் குறைவில்லை. நாகூரில் சித்தி ஜுனைதா பேகம் அவர்கள் 1938-ல் எழுதிய 'காதலா கடமையா' இருக்கிறது, உ.வே.சா. முன்னுரை எழுதிய நாவல். இந்த மண்ணில் பிறந்த பெண்மணி! நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? இரண்டில் எதை முதலில் எடுப்பது என்று வருகிற வியாழன் இஷாவுக்குப் பிறகு முடிவு செய்கிறோம். விருப்பமுள்ளவர்கள் வாருங்கள். டீ மண்டிக்காரர் பொறுப்பு.

அவர் மட்டும் இன்னும் பழைய கதையை விடவில்லை. நேற்றும் துபாய்த் தம்பியைப் பிடித்து நிறுத்திக் கேட்டார்:

"அந்த இஸ்ஸா பையன் கடைசியில என்னதான் ஆனான்?"

"புத்தகத்துல இல்லை மாமு."

"அதெப்படி எழுதாம விடுவாரு? அவன் டாக்டருக்குப் படிக்கணும்னானே..."

வஸ்ஸலாம்.